ஸ்டாண்ட்-அப் 40 நிமிடம் இழுக்கிறதா? ஆளை விட்டுவிட்டு போர்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேர் டீமில் 9 பேர், இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஓர் இலக்கு வைத்து வேலை செய்யும் காலச் சுற்று). தினசரி ஸ்டாண்ட்-அப் (டீம் கூடிப் பேசும் சிறு கூட்டம்) 15 நிமிடம் என்று பெயர்தான், 40 நிமிடம் ஆகிவிடுகிறது. ஒவ்வொருவராக நேற்று செய்ததைச் சொல்கிறோம், மேனேஜர் குறுக்கே கேள்வி கேட்கிறார். ‘பிளாக்கர் (வேலையை நிறுத்தும் தடங்கல்) ஏதாவது?’ என்றால் எல்லோரும் ‘இல்லை’ என்கிறோம். ஆனால் ஸ்பிரிண்ட் முடியும்போது பாதி டிக்கெட் (போர்டில் பதிந்த தனித்தனி வேலை) முடியாமல் நிற்கிறது. எதை மாற்றுவது?

பதில்: 9 பேர் 40 நிமிடம் என்றால் தினம் 6 மணி நேர உழைப்பு. 10 வேலை நாளில் 60 மணி. அதைவிட வருத்தம் தருவது அந்த ‘இல்லை’தான். யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் முறையில் உண்மையான தடங்கல் வெளியே வர வழியில்லை.

ஒரு டிக்கெட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். திங்கள் மாலை ஒருவர் கோட் எழுதி முடித்து ரிவ்யூவுக்கு (இன்னொருவர் சரிபார்க்க) அனுப்புகிறார். செவ்வாய் காலை, ‘அது முடிந்தது, அடுத்ததை எடுத்துவிட்டேன்’ என்கிறார். ரிவ்யூ செய்ய வேண்டியவர் தன் சொந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார். டெஸ்டருக்கு அப்படி ஒன்று வரப்போவதே தெரியாது. மூவரும் சொன்னது சரி, ஆனால் அந்த டிக்கெட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. வியாழன் வரை அது ரிவ்யூவில் கிடக்கும். டெஸ்டிங்கில் பிழை வந்தால் திருத்த நாளே இருக்காது. ஆள்வாரியாகப் பேசினால் கைமாறும் இடத்தில் நிற்கும் வேலை கண்ணில் படாது.

‘நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன’ என்ற மூன்று கேள்விகள் ஸ்க்ரமின் (இப்படி ஸ்பிரிண்டாகப் பிரித்து வேலை செய்யும் முறை) விதி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2017-இல் ஸ்க்ரம் வழிகாட்டி அவற்றை ஓர் உதாரணமாக மட்டும் வைத்தது. 2020 பதிப்பில் அவை இல்லவே இல்லை. 15 நிமிட வரம்பும், ஸ்பிரிண்ட் இலக்கை நோக்கிப் போகிறோமா என்று பார்த்து அன்றைய திட்டத்தை மாற்றிக்கொள்ளும் நோக்கமும்தான் மிச்சம். எனவே தயங்காமல் மாற்றலாம்.

நாளை முதல் போர்டை (டிக்கெட்டுகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று பத்தி பத்தியாகக் காட்டும் பலகை) திரையில் போட்டு, வலமிருந்து இடமாக வாருங்கள். ‘முடிந்தது’ பத்திக்கு மிக அருகில் இருப்பதுதான் முதலில்: டெஸ்டிங், பிறகு ரிவ்யூ, கடைசியாக டெவலப்மெண்ட். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரே கேள்வி: ‘இது இன்று அடுத்த பத்திக்குப் போக என்ன வேண்டும், யார் செய்கிறார்?’ தடங்கலில்லாமல் நகரும் டிக்கெட்டுக்கு 20 விநாடி போதும். ஒரே பத்தியில் இரண்டு நாளுக்கு மேல் நிற்பதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். நேரத்தை அங்கே செலவிடுங்கள். நேற்று செய்ததை ஒப்பிக்கத் தேவையில்லை, அது போர்டிலேயே தெரியும். அதற்கு ஒரு நிபந்தனை: எல்லோரும் கூட்டத்துக்கு முன்பே தங்கள் டிக்கெட்டைச் சரியான பத்தியில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்து ஜிராவை (டிக்கெட்டுகளைப் பதியும் மென்பொருள்) திருத்த ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு இரண்டு கேள்விகள். போர்டில் இல்லாத வேலையை யாராவது செய்கிறீர்களா? இன்றைய நிலையில் ஸ்பிரிண்ட் இலக்கு எட்டுமா? எட்டாது என்று பட்டால் அன்றே புராடக்ட் ஓனரிடம் (எந்த வேலை முக்கியம் என்று முடிவெடுப்பவர்) போய் எதைக் குறைக்கலாம் என்று பேசுங்கள், ஸ்பிரிண்டின் ஒன்பதாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

தடங்கலைச் சொல்லவும் பழக வேண்டும். ‘ஏபிஐ (மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் வழி) டீமுக்காக வெயிட்டிங்’ என்பது போதாது. என்ன வேண்டும், யாரிடமிருந்து, எப்போதைக்குள் என்று மூன்றும் வரட்டும்: ‘லாகின் ஏபிஐயின் டெஸ்ட் கீ, ஏபிஐ டீமிடமிருந்து, இன்று மதியத்துக்குள்.’ அதை யார் துரத்துகிறார் என்று அங்கேயே ஒரு பெயர் போடுங்கள்.

தீர்வைப் பற்றி இருவர் பேச ஆரம்பித்து ஒரு நிமிடம் தாண்டினால், தலைப்பையும் அந்த இருவர் பெயரையும் ஓரமாக எழுதிவிட்டு நகருங்கள். 15 நிமிடம் முடிந்ததும் அவர்கள் மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் கிளம்பலாம். பேச்சை வெட்டுகிறோமே என்று தயங்க வேண்டாம், அந்தப் பேச்சுக்கு நல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

மேனேஜர் விஷயம் நுணுக்கமானது. பேசுபவரின் கண் அவரை நோக்கிப் போனாலே அது ரிப்போர்ட் ஆகிவிடும். ஸ்க்ரம் கணக்கில் இது டெவலப்பர்களின் கூட்டம். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை வாரம் ஒருவராக டீமுக்குள்ளேயே மாற்றுங்கள். மேனேஜர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், ‘எப்போது முடியும்?’ என்பதைக் கூட்டத்துக்குப் பிறகு கேட்கட்டும். இதை அவரிடம் தனியாக, முன்கூட்டியே பேசுங்கள். எல்லோர் முன்னாலும் சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பலன் இருக்காது. தடையைச் சொன்னவருக்கு அங்கேயே குறுக்கு விசாரணை நடந்தால் மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சிலர் ரிமோட்டில் இருந்தால் அலுவலகத்தில் இருப்பவர்களும் தனித்தனி லேப்டாப்பில் சேருங்கள். ஒரே அறை மைக்கை நம்பினால் வெளியிலிருப்பவர் வெறும் பார்வையாளர்தான். நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்காதீர்கள்.

இத்தனை செய்தும் பாதிப் பேர் கேட்காமல் இருந்தால் கோளாறு கூட்டத்தில் இல்லை. 9 பேருக்கு 9 தனித்தனி டிக்கெட் பிரித்துக் கொடுத்திருந்தால் பக்கத்தவர் சொல்வதைக் கேட்க அவர்களுக்குக் காரணமே இல்லை. டெவலப்மெண்ட் பத்தியில் ஒரே நேரத்தில் 5 டிக்கெட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்துப் பாருங்கள். கை காலியானவர் புதிதாக ஒன்றை எடுக்க முடியாது. ரிவ்யூவில் கிடப்பதை எடுப்பார், அல்லது இன்னொருவரோடு சேர்ந்து உட்காருவார். முதல் சில நாள் பழைய, மறந்துபோன டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கூட்டம் 20 நிமிடம் வரை போகலாம். அவற்றை மூடுவதா, உடைப்பதா, பேக்லாகுக்கே (இன்னும் எடுக்காத வேலைகளின் பட்டியல்) திருப்பி அனுப்புவதா என்று கூட்டம் முடிந்த கையோடு புராடக்ட் ஓனரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.