ஆறு சக்கர நீர்-நில வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாலிபர்ட்டன் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காட்டு நிலம் இருக்கிறது. பாதி சதுப்பு, நடுவில் பீவர்கள் அணை கட்டிய குளம். தண்ணீரிலும் ஓடும் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சின் ஓய்ந்துவிட்டது, மற்றவை பரவாயில்லை. மரக்கட்டைகளிலும் பாறையிலும் வண்டியின் அடி இடித்துக்கொண்டே இருக்கிறது. 25 செ.மீ. உயர்த்தி, 28 இன்ச் டயர் போட ஆசை. வீட்டு கராஜில் வெல்டிங் மெஷின் உண்டு, லேத் வேலையை வெளியே கொடுத்துக்கொள்வேன். இது நடக்குமா? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நடக்கும். ஆனால் 25 செ.மீ. வேண்டாம், 14-உடன் நிறுத்துங்கள். 28 இன்ச் டயரையும் விட்டுவிடுங்கள். உயர்த்துவதென்றால் எல்லோரும் முதலில் பயப்படுவது சரிவில் கவிழ்வதைத்தான். உங்கள் விஷயத்தில் தரை அவ்வளவு கண்டிப்பு காட்டாது. தண்ணீர்தான் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்கிறது.

எப்படி என்று கணக்காகவே பார்ப்போம். இந்த ரக வண்டிகளின் பொதுவான அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். டேப் பிடித்து உங்கள் வண்டியின் அளவுகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். டயர்களுக்கு நடுவே இறங்கும் பிளாஸ்டிக் தொட்டி 2.4 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம். டயர் 25 இன்ச், அதாவது 63.5 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும். தொட்டியின் அடி தரையிலிருந்து 24 செ.மீ. வண்டி 450 கிலோ, இரண்டு பேரும் சாமானும் 150, ஆக 600 கிலோ.

தொட்டி ஒரு செ.மீ. மூழ்கினால் 21.6 கிலோவைத் தாங்கும். டயர் ஒவ்வொன்றும் முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீரை விலக்கும், ஆறும் சேர்ந்து 480. பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது இந்த 480-ஐத்தான். வண்டியை மிதக்க வைப்பதில் டயருக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனி அமைப்பில் போட்டுப் பார்த்தால், தண்ணீர் டயரின் அடியிலிருந்து சுமார் 38 செ.மீ. உயரத்தில் நிற்கும். டயர் உயரத்தில் 60 சதவீதம் உள்ளே, மீதி வெளியே. 14 செ.மீ. உயர்த்தி, அதற்கான இரும்பின் எடை 65 கிலோவையும் கூட்டினால் தண்ணீர் 50 செ.மீ.க்கு வரும், டயரில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளே. 25 செ.மீ. உயர்த்தினால் 90 சதவீதத்துக்கு மேல் மூழ்கிவிடும்.

மூழ்கினால் என்ன? இந்த வண்டி தண்ணீரில் நகர்வதே டயர் சுழல்வதால்தான். டயரின் அடிப்பாதி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. மேல்பாதி முன்னால் போகிறது. அது காற்றில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. அதுவும் தண்ணீருக்குள் போய்விட்டால் கீழே தள்ளியதை மேலே திரும்ப இழுத்துவிடும். கம்பெனி அமைப்பிலேயே வேகம் மணிக்கு 4-5 கி.மீ.தான், நடை வேகம். நீங்கள் கேட்கும் உயரத்தில் எஞ்சின் உறுமும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கும். 14-இலும் வேகம் குறையத்தான் செய்யும். மட்கார்டின் உள்பக்கம் தடித்த ரப்பர் பட்டை தொங்கவிட்டு டயரின் மேல்பகுதியை மூடினால் கொஞ்சம் மீளலாம். மீன்பிடிப் படகுகளில் மாட்டும் சிறிய எலெக்ட்ரிக் மோட்டார் ஒன்றைப் பின்னால் பொருத்த ஒரு தகட்டையும் இப்போதே வெல்டு செய்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உயர்த்திய வண்டி மிதக்கும்போது பக்கவாட்டில் ஆடாமல் இருப்பதற்குக் காரணம், தண்ணீர் மட்டத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் டயர்களும் தொட்டியும்தான். தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் தொட்டி தன் வேலையை விட்டுவிடும். டயரும் முழுக்க உள்ளே போனால் அதற்கும் பிடிப்பு இல்லை. அப்போது 480 லிட்டர் காற்று அடியில், எஞ்சினும் ஆட்களும் அதற்கு மேலே. வண்டி முங்காது, ஆனால் குப்புறப் புரளும். இருக்கை வாரைப் போட்டிருப்பவர் தலைகீழாக அடியில் மாட்டுவார். இதனால்தான் மிதவை நுரையை நான் தரைப்பலகைக்கு அடியில் போடவே விடமாட்டேன். கீழே போடும் நுரை புரட்டுவதற்குத்தான் துணை போகும். மூடிய அறைகளுள்ள நுரைக்கட்டிகளை வாங்கி, மட்கார்டுக்கு உள்ளேயும் தொட்டியின் மேல்விளிம்பை ஒட்டியும், இரண்டு பக்கமும் சமமாக அடையுங்கள். ஒரு பக்கத்துக்கு 60 லிட்டராவது இருக்கட்டும். தண்ணீரில் இறங்குமுன் வாரை அவிழ்த்துவிடுங்கள்.

தரைக்கணக்கு இதோடு ஒப்பிட்டால் லேசு. இடது, வலது டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 1.2 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்றால், காகிதத்தில் 47 டிகிரிப் பக்கச்சரிவு வரை வண்டி நிற்கும். 14 செ.மீ. உயர்த்தினால் மையம் 67-க்குப் போகும் (சக்கரங்கள் உயராததால் முழு 14 ஏறாது). ஆனால் உயர்த்துவதற்காக ஆக்சில் முனைகளில் நீங்கள் மாட்டப்போகும் செயின் பெட்டி (அதைக் கீழே விவரிக்கிறேன்) டயரைப் பக்கத்துக்கு 7 செ.மீ. வெளியே தள்ளும், அதனால் 45 டிகிரி கிடைக்கும். இழப்பு சொற்பம். இருந்தாலும் காற்று குறைந்த டயர் சரிவில் நசுங்கும், ஆட்கள் சாய்வார்கள். காகிதக் கணக்கில் பாதிக்கு மேல் எந்தச் சரிவிலும் போகாதீர்கள்.

சரி, இனி கராஜ் வேலை. இந்த வண்டிகளில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் கிடையாது. தொட்டியைக் குறுக்கே துளைத்துக்கொண்டு ஆக்சில்கள் வெளியே வருகின்றன, உள்ளே செயின் அவற்றைச் சுற்றுகிறது. 0.2 பார் அளவு காற்றுள்ள டயர்தான் ஸ்பிரிங்கும். திருப்புவதற்கு ஸ்டியரிங் சக்கரம் இல்லை. ஒரு பக்க மூன்று சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் வண்டி தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்பும். ஆகவே ஜீப்பை உயர்த்துவதுபோல் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைக்கும் வேலை இங்கே இல்லை. ஆக்சில் முனையில் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, அதற்குள் மேலே ஒரு ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), கீழே ஒரு ஸ்ப்ராக்கெட், நடுவே செயின் என்று சக்கரத்தைக் கீழே இறக்க வேண்டும். மொத்தம் ஆறு பெட்டிகள்.

மேலே 12 பல், கீழே 18 பல் போடுங்கள், 60-ஆம் எண் செயின். சக்கரத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும், இழுவை ஒன்றரை மடங்கு ஆகும். சேற்றுக்கு அதுதான் தேவை. அதே இழுவைக்குத் தொட்டிக்குள் இருக்கும் பழைய செயின்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் பளு குறைகிறது என்பது கூடுதல் லாபம். மேல்-கீழ் மையங்களுக்கு இடையே 15 செ.மீ. என்று முழு எண்ணாக வைத்துவிடாதீர்கள். இந்தச் செயினின் கண்ணி 19.05 மி.மீ. 15 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 31 கண்ணி வரும், ஒற்றைப்படை. ஒற்றைப்படைக்கு அரைக்கண்ணி போட வேண்டும், அறுவது முதலில் அதுதான். 30 கண்ணிக்கு 141.7 மி.மீ., 32-க்கு 160.9 மி.மீ. முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். செயின் நீளும் என்பதால் கீழ் பேரிங் ஹவுசிங்கை மையம் விலகிய வட்டமாக லேத்தில் கடையச் சொல்லுங்கள், அதைத் திருகினால் செயின் இறுகும்.

முன்பெட்டியை 20 டிகிரி முன்னாலும், பின்பெட்டியை 20 டிகிரி பின்னாலும் சாய்த்து மாட்டுங்கள், நடுப்பெட்டி செங்குத்தாக இருக்கட்டும். இதில் இரண்டு காரியம் நடக்கிறது. டயர்களுக்கு இடையே ஒவ்வொரு பக்கமும் 4.8 செ.மீ. இடைவெளி கூடுகிறது, சேறு அடைத்துக்கொள்ளாது. அப்புறம், சாய்ந்த பெட்டி 13.3 செ.மீ.தான் இறங்கும், நடுப்பெட்டி 14.2 இறங்கும். அந்த 9 மி.மீ. வித்தியாசத்தில் எடை நடுச்சக்கரத்துக்கு வந்து, திரும்பும்போது முன்னும் பின்னும் தேய்வது குறையும். எனக்கு இந்த வண்டி வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஒரு கோணத்தை மாற்றினால் கைப்பிடியில் வித்தியாசம் தெரியும்.

28 இன்ச் டயர் உங்களுக்குத் தரும் உயரம் 3.8 செ.மீ.தான். அதற்காக ஆக்சில் இடைவெளியை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். வேண்டாமே.

பெட்டியை எதில் கட்டுவது என்பதில் சமரசம் கூடாது. திரும்பும்போது டயரின் அடியில் பக்கவாட்டு விசை விழுகிறது. முன்பு அந்த நெம்பலின் கை டயரின் ஆரம் மட்டும், 32 செ.மீ. இப்போது 46. நெம்பல் 44 சதவீதம் கூடுகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் போல்ட் போட்டு இதைத் தாங்க வைக்க முடியாது. ஒரு பக்க மூன்று பெட்டிகளையும் 50 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றால் இணைத்து, அந்தக் குழாயைத் தொட்டிக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் துளைகளில் ரப்பர் கேஸ்கெட்டும் இருபுறமும் அகலமான தகடும் வையுங்கள். தொட்டி பாலிஎத்திலீன் என்றால் எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன், அதே பிளாஸ்டிக் கம்பியால் சூட்டு வெல்டிங் செய்யலாம். மூழ்கினால் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அல்லது ஃபைபர்கிளாஸ். அசிட்டோன் தடவி இளகினால் ஏபிஎஸ், அது கரைப்பான் பசைக்கு ஒட்டும்.

சுழலும் ஆக்சிலைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் எண்ணெய் விட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அரை மணி நேரம் ஓடினால் பெட்டி சூடாகும். சூட்டோடு குளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்றை எடுத்துத் தொட்டியின் மேல்விளிம்பு வரை கொண்டுபோங்கள், காற்று அதன் வழியாக வந்துபோகட்டும். இரட்டை உதட்டு சீல் போடுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றே மாற்றிவிடுங்கள்.

தொட்டிக்குள் தண்ணீர் வந்தால் வெளியேற்ற பம்ப் வேண்டும். 30 மி.மீ. ஆக்சிலைச் சுற்றி சீல் போய் 2 மி.மீ. இடைவெளி விட்டால், 20 செ.மீ. ஆழத்தில் நிமிடத்துக்கு 14 லிட்டர் வரும். மணிக்கு 1,900 லிட்டர் என்று எழுதியிருக்கும் சிறிய பில்ஜ் பம்ப் ஒரு சீலைச் சமாளிக்கும், இரண்டு போனால் திணறும். இரண்டு பம்ப் வையுங்கள். படகுக்கென்றே செய்த, தீப்பொறி வெளிவராத வகையாகப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில்தான் தேங்கும். எஞ்சின், 18 முதல் 23 குதிரைத்திறன் உள்ள காற்றுக் குளிர்ச்சி இரட்டை சிலிண்டர் போதும். எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள், சூட்டுக் காற்று வெளியேற தனி வழி விடுங்கள். உதிரி பாகங்களுக்கு நீங்கள் அதிர்ஷ்டசாலி, இதே ரக ஆர்கோ வண்டிகள் 1967 முதல் உங்கள் மாகாணத்தின் நியூ ஹாம்பர்க் ஊரிலிருந்துதான் வருகின்றன. பழைய செயின், பேரிங், ஹப் உங்கள் பக்கத்தில் தேடினால் கிடைக்கும்.

முதல் மிதப்பில் ஆள் ஏறக்கூடாது. இடுப்பளவு ஆழமுள்ள இடத்தில், கரையிலிருந்து கயிறு கட்டி, 150 கிலோ மணல்மூட்டை ஏற்றி இறக்குங்கள். மிதந்தபின், ஒரு மீட்டர் நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நடுவில் இருக்கும் 40 கிலோ மூட்டையை 40 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். குண்டு 7 செ.மீ. அளவில் நகர்ந்தால் சாய்வு 4 டிகிரி, நான் கணக்கிட்டதும் அதுதான். குண்டின் நகர்வு 14 செ.மீ.யைத் தாண்டினால் ஆளை ஏற்றாதீர்கள். எடையைக் கீழே கொண்டுவாருங்கள், அல்லது பெட்டியைக் குட்டையாக்குங்கள்.

அப்புறம் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட். ஏப்ரல், மே மாதத் தண்ணீரின் குளிர் நீச்சல் தெரிந்தவரையும் சில நிமிடங்களில் செயலிழக்க வைக்கும். உங்கள் நிலத்தைத் தாண்டி ஓட்டுவதென்றால் நம்பர் பிளேட்டும் காப்பீடும் எடுத்துவிடுங்கள். வேறொரு குளத்துக்குக் கொண்டுபோகுமுன் அடைப்பைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்து, டயரிலும் பெட்டிகளின் இடுக்கிலும் ஒட்டிய செடிகளை எடுத்துவிடுங்கள். 2022 முதல் ஒன்டாரியோவில் படகுகளுக்கு இது சட்டம், இந்த வண்டியின் இடுக்குகள் படகைவிட அதிகமாகவே செடியைச் சுமக்கும்.