யுரேனியத்தைப் பற்றும் இரும்புத் துரு

கேள்வி: எங்கள் வயலில் நெற்பயிரைப் பிடுங்கினால் வேர் முழுவதும் துருநிறமாக இருக்கிறது, அது இரும்புப் படிவு என்கிறார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களில் இத்தகைய துருதான் யுரேனியத்தைப் பிடித்துவைக்கிறது என்று படித்தேன். உண்மையா? அந்தப் பிடிப்பு நிலைக்குமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மைதான். ஆனால் அந்தப் பிடிப்பின் வலு எல்லா நீரிலும் ஒன்றாக இருப்பதில்லை.

சுரங்கம் தோண்டிக் கொட்டிய கற்குவியலில் காற்றும் மழையும் படும்போது, நீரில் கரையாமல் கிடந்த யுரேனியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. அதே குவியலில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருந்தால், அதுவும் சிதைந்து அமிலநீரையும் கரைந்த இரும்பையும் தருகிறது. அந்த நீர் வழியில் அமிலத்தன்மையை இழக்கும்போது இரும்பு, ஃபெரிஹைட்ரைட் என்னும் மிக நுண்ணிய செந்துகளாகப் படிகிறது. அதன் ஒரு கிராமின் மேற்பரப்பு சில நூறு சதுர மீட்டர். தஞ்சைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இருபது குழி நிலம். யுரேனியம் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான்.

கடும் அமிலநீரில் அது சரியாக ஒட்டாது. கார்பனேட் மிகுந்த நீரிலும் ஒட்டாது. அங்கே யுரேனியம் கார்பனேட்டோடு சேர்ந்து நீரிலேயே தங்கிவிடுகிறது. நாளாக ஆக ஃபெரிஹைட்ரைட் ஹெமடைட் போன்ற உறுதியான கனிமங்களாக மாறுகிறது. அப்போது யுரேனியத்தில் ஒரு பகுதி படிகத்தின் உள்ளேயே அடைபட்டுவிடுவதால், கார்பனேட் நீரால் அதை எளிதில் கழுவி எடுக்க முடியாது. நம்பத்தகுந்த பிடிப்பு என்று நான் கருதுவது இதையே.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நடப்பது உங்கள் வயலிலும் நடக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் பாக்டீரியாக்கள் துருவைக் கரைக்கின்றன. நெற்பயிர் தண்டின் வழியே வேருக்கு அனுப்பும் ஆக்சிஜன் பட்டு, கரைந்த இரும்பு மீண்டும் துருவாகி வேரைச் சுற்றிப் படிகிறது. (அந்த நிறம் இரும்புக்கு உரியது, யுரேனியம் இருப்பதற்கு அது அடையாளமாகாது.) சுரங்க நிலத்தில் துரு இவ்வாறு கரைந்தால் ஒட்டியிருந்த யுரேனியம் விடுபடலாம். ஆனால் அதே பாக்டீரியாக்களும், கரைந்த இரும்பும் யுரேனியத்தை மறுபடியும் கரையாத வடிவத்துக்குத் திருப்பக்கூடியவை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைஃபிள் என்னும் ஊரில், பழைய தாது ஆலை வளாகத்தின் நிலத்தடிநீரில் 2002ஆம் ஆண்டு பாக்டீரியாக்களுக்கு உணவாகும் அசிட்டேட்டைச் செலுத்தி, துருவைக் கரைக்கும் ஜியோபாக்டர் வகை பாக்டீரியாக்களைப் பெருக்கினார்கள். நீரில் யுரேனியம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் மேலோங்கியபோது அது மீண்டும் ஏறியது.

ஆகவே இரும்பு யுரேனியத்தை நிறுத்திவைக்கிறதே அன்றி அழிப்பதில்லை. யுரேனியம்-238இன் அரையாயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். நீர்மட்டம் இறங்கிக் காற்று உட்புகுந்தால், கரையாமல் படிந்தது மறுபடியும் கரையத் தொடங்கும். ஜெர்மனியின் சாக்சனி, துரிங்கியா பகுதிகளில் 1990ஆம் ஆண்டோடு யுரேனியச் சுரங்கப்பணி முடிந்தும், அங்கே நீரைச் சுத்திகரிக்கும் வேலை இன்றுவரை நடந்துவருகிறது.