பதில்: பிரெஞ்சுக் கிராமத்தில் யாரோடும் பழக முடியவில்லை

கணவரின் வேலைக்காக க்ரூஸ் மாவட்டத்துச் சிற்றூருக்கு வந்து குளிர்காலம் முழுக்க யாருமே பேசவில்லை, ஒதுக்குகிறார்களோ என்று கேட்டிருந்தீர்கள். ஒதுக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. குளிர்காலத்தில் மாலையிலேயே சன்னல்களை அடைத்துவிடுவார்கள்; உள்ளூர்க்காரர்களே ஒருவரை ஒருவர் பார்ப்பது அரிது.

பிரான்ஸின் கொம்யூன்களில் (நம்மூர் ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள்) பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஆனாலும் மேயரும் 'மெரி' எனப்படும் மேயர் அலுவலகமும் உண்டு. முதலில் அங்கே போங்கள். வாரத்தில் சில அரைநாள்தான் திறந்திருக்கும், நேரத்தைக் கதவில் பாருங்கள். ஊரில் என்னென்ன சங்கங்கள் இருக்கின்றன என்று செயலாளரிடம் கேளுங்கள். ஊர் வாழ்க்கையே அவற்றில்தான் இருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கம் தொடங்கலாம். விழாக்குழு இருந்தால் விடாதீர்கள். பழம்பொருள் சந்தை, ஜூலை 14 தேசிய நாள் விருந்து எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. மேசை போட, பாத்திரம் கழுவ எப்போதும் ஆள் வேண்டும், அதற்குப் பிரெஞ்சு சரளமாக வர வேண்டியதில்லை.

முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று போர் நினைவுத்தூண் முன் நடக்கும் அஞ்சலிக்கும் போங்கள். முடிந்ததும் பல ஊர்களில் மெரி சார்பில் எல்லாருக்கும் பானம் தருவார்கள். பேச்சுக் கொடுக்க அருமையான நேரம். அப்புறம், தெருவிலும் கடையிலும் நீங்களே முந்திக்கொண்டு 'பொன்ழூர்' (வணக்கம்) சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.