பதில்: மகனை பேஸ்பாலில் பிட்ச்சராக விடாத கோச், பள்ளி மாற்றலாமா?

வணக்கம் சார். டெக்சாஸில் பத்தாவது படிக்கும் உங்கள் பையன் பேஸ்பாலில் நன்றாக வீசியும், பிட்ச்சராக (பந்து வீசுபவராக) விடாமல் கோச் அவுட்ஃபீல்டிலேயே (மைதானத்தின் தொலைவுப் பகுதியில் பந்து பிடிக்கும் இடம்) நிறுத்துகிறார், அதனால் பள்ளி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ஹனமாகி ஹிகாஷி பள்ளியின் கோச் ஹிரோஷி சசாகியைப் பாருங்கள். பின்னாளில் அமெரிக்க மேஜர் லீக் வரை போன பிட்ச்சர்கள் கிக்குச்சி யூசேயும் ஓத்தானி ஷோஹேயும் அவரிடம் வளர்ந்தவர்கள். 2010-இல் ஓத்தானி சேர்ந்தபோது எலும்பு வளர்ச்சி முடியவில்லை என்று முதல் வருடம் பெரும்பாலும் அவுட்ஃபீல்டில் ஆடவிட்டு, நன்றாகத் தூங்கச் சொன்னார். 2012-இல் அதே பையன் மணிக்கு 160 கிமீ வேகத்தில் வீசினான். அவனை 81 கட்டங்கள் உள்ள ஒரு தாளில் இலக்குகளை எழுதவைத்தார் சசாகி; அதில் வேகத்தோடு குப்பை பொறுக்குவதும் அம்பயரிடம் நடந்துகொள்ளும் விதமும் இருந்தன. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஓத்தானி இருந்த வருடங்களில் அந்தப் பள்ளி ஜப்பானின் தேசியப் பள்ளி பேஸ்பால் போட்டியான கோஷியெனில் கோப்பையை வெல்லவில்லை. ஆனாலும் அவரை வெற்றிகரமான கோச் என்றே சொல்வேன்.

எல்லா கோச்சும் சசாகி இல்லை, உண்மைதான். அதனால் நேரில் போய், பையன் இல்லாமல், இரண்டு கேள்வி கேளுங்கள்: அவன் கைக்கு என்ன திட்டம்? பந்து எண்ணிக்கையை யார் குறிக்கிறார்கள்? 15-16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துதான் உச்சம், 76-ஐ எட்டினாலே நாலு நாள் ஓய்வு என்கிறது அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டி. தெளிவாகப் பதில் சொன்னால் அவரிடமே விடுங்கள். மழுப்பினால் அப்புறம் பள்ளி மாற்றத்தை யோசிக்கலாம். வார இறுதி கிளப் ஆட்டங்களில் வீசுகிறானா? அதையும் கோச்சிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.