தம்பி ஏன் ஒளிந்துகொண்டான்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

காட்டில் வழிதவறிப்போகும் அக்கா, தம்பி பற்றிய உங்கள் சிறார் நாவலை நானும் என் மகளும் (வயது 10) மகனும் (வயது 7) சேர்ந்து வாசித்தோம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் ஓர் இடம் இடறியது. இரண்டாம் நாள் இரவு அப்பாவும் மற்றவர்களும் டார்ச் அடித்தபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்திலேயே வருகிறார்கள். அக்கா காய்ச்சலில் அசந்து கிடக்கிறாள். விழித்திருக்கும் தம்பி குரல் கொடுக்காமல் புதருக்குள் ஒளிந்துகொள்கிறான். எந்தக் குழந்தை அப்படிச் செய்யும்? கதையை நீட்டுவதற்காகச் செய்ததுபோல இருக்கிறது. தவிர, குடும்பப் பாசத்தைச் சொல்லும் கதையில் அக்கா இவ்வளவு திட்ட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

நிஜத்திலும் குழந்தைகள் அப்படிச் செய்திருக்கிறார்கள். தொலைந்தவர்களைத் தேடிப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே சில குழந்தைகள் வாய் திறப்பதில்லை. தெரியாதவர்களிடம் பேசாதே என்று நாம்தானே சொல்லி வளர்க்கிறோம். இருட்டில் விளக்கோடு கத்திக்கொண்டு வருகிற ஆட்களைப் பார்த்தால், நம்மைக் காப்பாற்ற வருகிறார்கள் என்று ஒரு குழந்தைக்குத் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முக்கியம்: அகப்பட்டால் திட்டு விழும் என்ற பயம்.

1981ல் அமெரிக்காவில் சான் டியேகோ அருகே மலையில் தொலைந்த ஒன்பது வயதுப் பையனை உயிரோடு மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு, அந்தத் தேடுதலில் இருந்தவர்கள் குழந்தைகளுக்காக ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்ற பயிற்சியை ஆரம்பித்தார்கள். வழி தெரியவில்லையா, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, தேடுபவர்கள் வருவார்கள். அதோடு சேர்த்து அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிற இன்னொன்று, அம்மா அப்பா உன்மேல் கோபப்பட மாட்டார்கள் என்பது. உயிர்பிழைக்கக் கற்றுத்தரும் பாடத்தில் இது எதற்கு என்று யோசித்தபோதுதான் என் நாவல் எனக்குக் கிடைத்தது.

இருந்த இடத்தில் இருப்பது சுலபமான காரியம் இல்லை. நடந்தால் ஏதோ செய்கிறோம் என்ற தெம்பாவது இருக்கும். ஆனால் நடப்பது பெரும்பாலும் வீண்தான். 2009ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் சிலரைக் காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் காட்டுக்குள் நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். நாலாம் அத்தியாயத்தில் தாங்களே கட்டிவிட்டுப் போன துணிக்கு முன்னால் இரண்டு பேரும் மறுபடி வந்து நிற்பது இதனால்தான்.

ஆக, அசையாமல் உட்கார்ந்திருக்க ஒரு குழந்தைக்கு இரண்டு நம்பிக்கை வேண்டும். ஒன்று, என்னைத் தேடி வருவார்கள். இன்னொன்று, வந்தால் அடிக்க மாட்டார்கள், கட்டிக்கொள்வார்கள். முதல் நம்பிக்கை தம்பிக்கு இருக்கிறது, இரண்டாவது இல்லை. அப்பா போகாதே என்று சொன்ன ஓடைக்குத்தானே அவன் போனான்? முதல் அத்தியாயத்தில் உடைந்த கடிகாரத்துக்காக அப்பா போட்ட சத்தத்தை நீங்கள் சாதாரணமாகக் கடந்து வந்திருப்பீர்கள். அவன் கடக்கவில்லை. புதருக்குள் அவனைத் தள்ளியது அந்தச் சத்தம்தான். அப்பா நல்லவர், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதை நான் எங்கேயும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. நாவல் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

அக்காவுக்கு வருகிறேன். 2023 மே 1ல் கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது, நினைவிருக்கிறதா? அம்மா இறந்துபோக, 13 வயது அக்கா ஒருத்தி 9 வயது, 4 வயது, 11 மாதக் கைக்குழந்தை என்று மூன்று பேரை வைத்துக்கொண்டு 40 நாள் காட்டில் தாக்குப்பிடித்தாள். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவும், எந்தக் காயைத் தின்னலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தந்த அறிவும் கைகொடுத்தன. ஒரே இடத்தில் இருங்கள் என்று பாட்டி அவர்கள் மொழியில் பேசியதைப் பதிவுசெய்து ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபரப்பினார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பெண் அத்தனை நாளில் ஒரு முறையாவது தம்பி தங்கைகளிடம் சிடுசிடுத்திருக்க மாட்டாளா என்று நினைத்துக்கொள்வேன். சிடுசிடுத்திருந்தால்தான் என்ன?

என் கதையில் வரும் அக்காவுக்கு 12 வயது. அவளுக்கும் பயம்தான், அதைக் காட்ட இடமில்லை, அழுதால் தம்பி உடைந்துபோவான், அதனால் எல்லாமே திட்டாக வெளியே வருகிறது. அவள் வாயை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஈரக் காலுறையைத் தன் வயிற்றோடு ஒட்டவைத்து யாருக்காகக் காயவைக்கிறாள்? படுக்கும்போது காற்றடிக்கும் பக்கம் யார் படுப்பது? கொஞ்சிப் பேசும் அக்காவை எழுதியிருந்தால் பெரியவர்கள் பாராட்டியிருப்பார்கள், தம்பி தங்கை உள்ள எந்தப் பிள்ளையும் நம்பியிருக்காது.

உங்கள் மகனுக்கு ஏழு வயது என்கிறீர்கள். அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்து, நீ என்றால் பதில் கொடுத்திருப்பாயா என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். கொடுத்திருக்க மாட்டேன் என்று சொன்னால் உடனே சமாதானம் சொல்லாமல் ஏன் என்று அவன் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். எங்காவது காட்டுப் பக்கம் போனால் இரண்டு பேர் கழுத்திலும் ஒரு விசில் மாட்டிவிடுங்கள். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். கத்திக்கொண்டே இருந்தால் தொண்டை கட்டிப்போகும், விசில் அப்படியில்லை.