பள்ளி வாசலில் வாங்கிச் சாப்பிடும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளி விட்டதும் வாசலில் நறுக்கிய பழம், ஐஸ் போட்ட ஜூஸ் என்று வாங்கிச் சாப்பிடுகிறான். இந்த மாதத்தில் இரண்டு முறை வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. வெளியே எதையுமே தொடக் கூடாது என்று சொல்லிவிடலாமா?

பதில்: அப்படிச் சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவான். அப்புறம் வயிறு வலித்தாலும் வாய் திறக்க மாட்டான். எது ஆபத்து என்று அவனுக்கே காட்டிக்கொடுங்கள்.

அவன் வாங்கும் இரண்டுமே அடுப்பில் ஏறாதவை. கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க எடுத்துத் தருவதில் கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். நறுக்கிய பழத்தில் கத்தியும் கையும் பட்டதெல்லாம் அப்படியே தங்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் கிருமிகள் மளமளவென்று பெருகும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த பழம் வேண்டவே வேண்டாம். ஐஸில் கிருமி சாகாது, உறைந்து கிடக்கும், அவ்வளவுதான். முழுப் பழமாக வாங்கி, கழுவி, அவனே உரித்துச் சாப்பிடட்டும்.

ஒரு நாள் அவனோடு போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காசு வாங்கிய கையாலேயே பழத்தை அள்ளுகிறார்களா? எல்லா டம்ளரையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா? அந்த வாளியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பள்ளிக்குள் இருக்கும் கேன்டீனையும் இதே கண்ணோடு பாருங்கள். உள்ளே விற்பதாலேயே அது சுத்தம் என்று ஆகிவிடாது. பிள்ளைகள் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைத்து, பிள்ளைகள் கூடும் இடத்தில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் போதாது.

இன்னொன்று: கெட்டுப்போன பண்டத்தைத் திரும்பச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது தவறு. சில பாக்டீரியாக்கள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வரும்.

மறுபடி வந்தால் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டுள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை என்பதால், இப்போது நன்றாக இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போய், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் போட்டாயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.