மூன்று ரூமுக்கும் ஒரே கார்டு

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 48. பிடித்தம் போகக் கையில் வருவது 74,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 17,500. இரண்டு வருடம் முன்பு நாங்கள் நான்கு பேர், மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம் மூன்று பேர் என்று ஒன்பது பேர் சென்னையில் இருந்து இரண்டு இரவுக் கப்பல் பயணம் போனோம். மூன்று ரூம். எல்லாம் என் கிரெடிட் கார்டில்தான். டிக்கெட் 1,35,000, கப்பலுக்குள் ஆன பில் 41,000. அந்த 41,000-ல் எங்கள் ரூம் 6,000, மாமா ரூம் 1,000, மீதி மச்சினன் ரூம். மொத்தத்தையும் 36 மாதத் தவணையாக மாற்றினேன். மாதம் 6,200 கட்டுகிறேன், இன்னும் 14 மாதம் இருக்கிறது. மச்சினன் இதுவரை தந்தது 15,000.

இப்போது மாமாவுக்கு எழுபது வயதுக்குச் செய்யும் பீமரத சாந்தி. திருக்கடையூர் முடிந்த கையோடு, ஜூன் மாதம் சிங்கப்பூரில் இருந்து நான்கு இரவுக் கப்பலில் எல்லோரும் போகலாம் என்கிறான் மச்சினன். டிக்கெட் 4,05,000. 12 மாத 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' உண்டாம். அவன் பெயரில் கடன் கிடைக்கவில்லை. "உங்க பேர்லன்னா உடனே ஓகே ஆயிரும் அத்தான், நான் மாசாமாசம் அனுப்பிருதேன்" என்கிறான். 20-ம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மனைவியின் நகையில் ஆறு பவுன் ஏற்கெனவே கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. போன தடவை மாமா இரண்டு நாளும் வாந்திக்கான ஆவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தார் என்பது வேறு விஷயம். மறுத்தால் வீட்டில் மனக்கசப்பு வரும். எந்தக் கடன் வாங்கினால் வட்டி குறையும்?

பதில்: உங்கள் கடைசி வரிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கார்டு வட்டியை விட நகைக்கடன் மலிவு என்பது வண்ணார்பேட்டை டீக்கடையில் நிற்கிறவருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. 41,000 ரூபாயை எந்த ரூமுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதாவது கணக்கு உங்களுக்கு அன்றைக்கே தெரியும். மச்சினன் பங்கு டிக்கெட்டில் 45,000, உள்ளே செலவழித்தது 34,000, ஆக 79,000. வந்தது 15,000. பாக்கி 64,000. இந்த எண்ணை இரண்டு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவர் அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டதும் எந்தக் கடன் மலிவு என்று என்னிடம் கேட்கிறீர்கள். "நான் போட்டுடுறேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலில் கார்டை நீட்டுகிற பழக்கம்தான் உங்கள் பிரச்சினை. ஹோட்டல் பில்லில் இது ஐநூறோடு போய்விடும். கப்பலில் அப்படிப் போகாது.

ஏன் என்று சொல்கிறேன். கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள். அதுவே ரூம் சாவி, அதுவே அடையாள அட்டை, அதுவே பர்ஸ். அதை நீட்டினால் கோக் வரும், போட்டோ வரும், ஸ்பாவில் தலைக்கு எண்ணெய் தேய்த்தும் விடுவார்கள். எதற்கும் கையில் இருந்து ஒரு நோட்டு போகாது. எல்லாம் ஒரு கணக்கில் ஏறி, கடைசி நாள் காலையில் நீங்கள் கொடுத்து வைத்த கிரெடிட் கார்டில் இறங்கும். குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டு மூன்று ரூமையும் ஒரே கார்டில் இணைத்துக்கொள்ளலாம் என்று வசதி வேறு செய்து வைத்திருக்கிறார்கள். போன தடவை நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். மச்சினன் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். யார் காசு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செலவழிப்பார்கள். நானும் என் காசிலேயே அப்படிச் செலவழித்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்த 4,05,000. அது கப்பலில் ஏறுவதற்கு மட்டும். பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பித் திரும்பி வரும் வரை தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். திருச்சியில் இருந்து சிங்கப்பூர் போய்வர ஆளுக்கு 22,000 என்றால் ஒன்பது பேருக்கு 1,98,000. கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்கக் கூடாது, விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஆக முதல் நாள் இரவு மூன்று ஹோட்டல் அறை, 36,000. விசா, ஏஜெண்ட் கூலியோடு 31,500. அப்புறம் 'கிராஜுவிட்டி'. பள்ளிக்கூடத்துப் பணிக்கொடை அல்ல, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். பல கப்பல்களில் விருப்பம் கேட்காமலே ஆளுக்கு, ஒரு இரவுக்கு, 18 டாலர் அளவில் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். குழந்தைக்கும் உண்டு. ஒன்பது பேர், நான்கு இரவு, 648 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 58,000. பயணக் காப்பீடு 15,000. இதை மட்டும் குறைக்காதீர்கள். கப்பல் டாக்டர் டாலரில்தான் பில் போடுவார், நம் ஊர் மெடிக்ளைம் பெரும்பாலும் அங்கே உதவாது. மாமாவுக்கு 70 வயது. கரையில் சுற்றிப் பார்ப்பது, வைஃபை, குளிர்பானம், போட்டோ என்று ஒன்பது பேருக்கும் கையை இறுக்கிப் பிடித்தாலும் 80,000.

கூட்டினால் 8,23,500. மச்சினன் சொன்னதைப் போல இரண்டு மடங்கு.

இதில் 4,05,000-க்கு மட்டும் 12 மாதத் தவணை என்றால் மாதம் 33,750. வீட்டுக் கடன் 17,500, பழைய கப்பலுக்கு 6,200. மூன்றும் சேர்ந்து 57,450. கையில் மிஞ்சுவது 16,550. அதில் அரிசி, பெட்ரோல், டியூஷன், மகளின் கல்லூரி அட்மிஷன் எல்லாம் ஓட வேண்டும். மீதி நாலு லட்சத்துச் சொச்சம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இன்னும் வரவே இல்லை. மனைவியின் மீதி நகையில் இருந்து வரும், வேறு எங்கிருந்து?

"மாசாமாசம் அனுப்பிருதேன்" என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லையே என்பீர்கள். அவருக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் அவருடைய பழைய கணக்குகளைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் எதைப் பார்த்துவிட்டுச் சரி என்கிறீர்கள்? கடன் உங்கள் பெயரில் என்றால் ஒரு தவணை தவறினாலும், வங்கிகள் கடன் கொடுக்கும் முன் பார்க்கிற சிபில் மதிப்பெண் குறைவது உங்களுக்கு. அடுத்த வருடம் மகளுக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டியவரும் நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனக்கோ மற்றவருக்கோ வருடத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். 'மற்றவருக்கோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்பது பேர் செலவும் உங்கள் பான் எண்ணில்தான் வந்து உட்காரும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமை இல்லை. வட்டியே வாங்காமல் கடன் கொடுக்க எந்த வங்கிக்கும் வேண்டுதல் கிடையாது. மொத்தப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் வட்டி என்று வங்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் பிராசஸிங் கட்டணம், பெரும்பாலும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இதே ஏஜெண்ட் அடுத்து பத்து வருட 'ஹாலிடே கிளப்' மெம்பர்ஷிப் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது வருடா வருடம் கூடுமா என்று மட்டும் கேளுங்கள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கப்பல் பயணமே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கடல் பார்த்து வளர்ந்த ஜில்லா நம்முடையது. 2011-ல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள், அடுத்த மாதம் போகலாம் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன், சில மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆசை தீராமல்தான் பிறகு ஒருமுறை சிங்கப்பூரில் இருந்து நானும் மனைவியும் போனோம். ஜன்னல் இல்லாத உள் கேபின். பால்கனி கேபினுக்குக் கூடுதலாக எவ்வளவோ கேட்டார்கள். தூங்கவும் குளிக்கவும் மட்டும் போகிற ரூமுக்கு எதற்குப் பால்கனி? மேல் தளத்தில் போய் நின்றால் அதே கடல்தான்.

அப்படிச் சிக்கனம் பார்த்தவன் மாட்டிய இடம் போன். கிளம்பியதும் ஏர்பிளேன் மோடில் போடாமல் பையில் வைத்துவிட்டேன். நடுக்கடலில் அது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டது. ஊரில் இருந்து வந்த இரண்டு அழைப்பு, தானாக இறங்கிய கொஞ்சம் வாட்ஸ்அப், அவ்வளவுதான். அடுத்த மாத போன் பில்லில் நாலாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தது. கப்பலில் ஏறும்போது எடுத்த போட்டோ ஒன்று, கேட்ட விலையைச் சொன்னால் மனைவி இன்னும் திட்டுவாள். ஹாலில் மாட்டி வைத்திருக்கிறோம்.

சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி. புஃபேயில் சாதம், பருப்பு, சப்பாத்தி எல்லாம் கிடைத்தது. காலையில் இட்லியைத் தேடினேன், கிடைக்கவில்லை. தண்ணீர், டீ, காபி புஃபேயில் சும்மா. கோக்கும் பாட்டில் தண்ணீரும் காசு. மதுவுக்கான பேக்கேஜை ஒரு ரூமில் ஒருவர் வாங்கினால் அந்த ரூமில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. உங்கள் மச்சினனுக்கு இது தெரிந்திருக்கும். அத்தை கட்டித் தரும் புளியோதரையை ஏற்ற விட மாட்டார்கள், சீல் வைத்த அல்வா, மிக்சர் பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாதத்தையும் கவனியுங்கள்: ஜூனும் டிசம்பரும் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். உங்கள் மச்சினன் தேர்ந்தெடுத்திருப்பது ஜூன்.

சரி, என்ன செய்வது?

இந்த வருடம் உங்கள் வீட்டு நான்கு பேரும் போக வேண்டாம். 20-ம் தேதி முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அப்புறம் ரத்துச் செய்வது லேசு இல்லை. கிளம்பும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், கடைசி இரண்டு வாரத்தில் அனேகமாக ஒன்றும் திரும்பாது. பழைய 14 தவணையில் அசல் மட்டும் சுமார் 79,000 இருக்கும். மச்சினன் தர வேண்டிய 64,000 வந்தால் மேலே கொஞ்சம் போட்டு அதை முடித்துவிடலாம். வராவிட்டாலும் 14 மாதத்தில் முடியும். அதன் பிறகு அந்த 6,200 வங்கியில் இருக்கும் ஆறு பவுனை மீட்கப் போகட்டும். சிங்கப்பூர், மகள் கல்லூரியில் நிலைத்த பிறகு, அதுவும் சேர்த்து வைத்த பணத்தில்.

பேச வேண்டியது எப்படி என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குத் தெரியும். மச்சினனிடம் நீங்கள் பேசாதீர்கள். முதலில் மனைவியை உட்கார வைத்து, 33,750, 17,500, 6,200 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கழித்து மிஞ்சும் 16,550-ஐ அவரே எழுதட்டும். அதே தாளில் கீழே 79,000, 15,000, 64,000. தம்பிக்கு அக்கா போன் போட்டு, "பழசை முடிச்சுட்டுப் புதுசு பேசுவோம்ப்பா" என்று சொன்னால் அது வீட்டுப் பேச்சு. அத்தான் சொன்னால்தான் மனக்கசப்பு. திருக்கடையூர் செலவுக்கு உங்கள் பங்காக 25,000 போல முடிந்ததைக் கொடுங்கள், மாமா கையிலேயே கொடுங்கள்.

எப்போதாவது சேர்ந்து போகத்தான் செய்வீர்கள். அன்றைக்குக் கவுண்டரில் ரூமுக்கு ஒரு கார்டு என்று சொல்லிவிடுங்கள். மூன்று ரூமையும் இணைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம். பிள்ளைகள் அட்டையில் செலவை நிறுத்தி வைக்கவும் அங்கேயே கேட்கலாம், பெரும்பாலான கப்பல்களில் செய்து தருவார்கள்.

அப்புறம் மாமா. ஆவோமின் போட்டுப் படுத்துக் கிடந்தவரிடம், எழுபதாவது வயதில் இன்னொரு கப்பல் வேண்டுமா என்று உங்கள் கடிதத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்று சொன்னால், மச்சினன் தன் மூன்று டிக்கெட்டோடு அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தன் பெயரிலேயே போடட்டும். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஒரு உள் கேபினாகக் கேட்கச் சொல்லுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு, விலையும் குறைவு.